கை போகும் சுவிட்ச்

1980-களின் நடுவில் மதுரை போன்ற ஊரில் ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டில் மின்சாரத்துக்கு வேலை கொஞ்சம்தான். கூடத்தில் ஒரு டியூப்லைட், உள்ளறையில் இன்னொன்று. சமையலறை, குளியலறை, வாசல் மூன்றிலும் 60 வாட் குண்டு பல்பு. இரண்டு சீலிங் ஃபேன். அலமாரி மேல் ஒரு ரேடியோ. கொஞ்சம் வசதி இருந்தால் மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் சேரும். வெந்நீருக்குத் தேங்காய் மட்டை எரியும் செப்புத் தவலை, மாவுக்கு ஆட்டுக்கல், தண்ணீருக்குக் கிணற்று ராட்டினம் அல்லது தெருக்குழாய். இந்த வேலைகள் எதுவும் மீட்டருக்குத் தெரியாது.

அந்த வீட்டின் விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டியூப்லைட்டின் மேல் 40 வாட் என்று எழுதியிருந்தாலும், செம்புக் கம்பி சுற்றிய சோக் தன் பங்குக்கு 15 வாட் வரை இழுக்கும். ஆக ஒன்றுக்கு 55. இரண்டும் தினம் 5 மணி நேரம், மூன்று குண்டு பல்புகளும் 2 மணி நேரம், ஒன்று 75 வாட் இழுக்கும் ஃபேன்கள் 10 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 145 யூனிட். இன்று அதே வீட்டில், அதே இடங்களில், அதே நேரத்துக்கு 20 வாட் எல்.இ.டி. டியூப்பும் 9 வாட் எல்.இ.டி. பல்பும் காந்தமும் மின்னணுப் பலகையும் கொண்ட புது வகையான 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனும் ஓடினால் 51 யூனிட்தான் ஆகும். வெளிச்சம் குறையாது, காற்றும் குறையாது. மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே வாழ்க்கையை வாழ்ந்துவிடலாம்.

ஆனால் அந்த வாழ்க்கையை இன்று யாரும் வாழவில்லை. அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் கோடைக்காலத்து ரீடிங் 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு பொருளும் இளைத்திருக்கிறது, வீடு பருத்திருக்கிறது. இந்த இரண்டும் ஒரே காலத்தில் எப்படி நடந்தன என்பதில்தான் வீட்டு மின்சாரத்தின் கதையே இருக்கிறது.

குண்டு பல்பு, தான் வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளியே விடும். எரிந்துகொண்டிருக்கும் பல்பைத் தொட்டு விரல் சுட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு அது பாடமில்லாமலே தெரியும். அதன் பிறகு சி.எஃப்.எல். வந்தது, சில ஆண்டுகள் இருந்தது, போனது. எல்.இ.டி. வந்த வேகம் வேறு. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில் பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யச் செய்ய விலை இறங்கியது. 2014-ல் ஒரு பல்புக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாயானது. இரண்டு ஆண்டில் ஒரு பொருள் எட்டில் ஒரு பங்கு விலைக்கு வந்ததும், வந்த கையோடு குடிசை வரை போய்ச் சேர்ந்ததும் அரிதாக நடக்கும் காரியம். நம் காலத்தில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்றாக இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இந்த மாற்றத்தோடு சேர்ந்து இன்னொன்றும் மாறியது. யாரும் அதைக் கவனித்துப் பேசுவதில்லை. அறையை விட்டு வெளியே வரும்போது கை தானாகச் சுவிட்சுக்குப் போகும் பழக்கம் இருந்தது. தாத்தா காலத்தில் "ஆள் இல்லாத ரூம்ல லைட் எதுக்கு?" என்ற குரல் வீட்டில் நாளுக்கு நாலு முறை கேட்கும். அந்தக் குரலுக்கு 60 வாட் மதிப்பு இருந்தது. இன்றும் வீட்டில் சிக்கனமானவர் என்று பேர் வாங்கியவரின் கை அதே சுவிட்சுக்குத்தான் போகிறது. அவர் அணைப்பது 9 வாட். தொலைக்காட்சிக்குக் கீழே இரவும் பகலும் விழித்திருக்கும் செட்-டாப் பாக்ஸ் 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்தில் அது தின்பது 14 யூனிட்டுக்கு மேல். தினம் 4 மணி நேரம் எரியும் 9 வாட் பல்பு அதே காலத்தில் எடுப்பது 2 யூனிட் சொச்சம். ஆறேழு பல்புகளின் மின்சாரத்தை ஒரு பெட்டி சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. அதை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் அதில் வெளிச்சமில்லை.

மொட்டை மாடித் தொட்டியும் அப்படித்தான். 1 எச்.பி. மோட்டார் இணைப்பிலிருந்து சுமார் 1 கிலோவாட் இழுக்கும். தொட்டி நிரம்பி வழிந்த பிறகும் கால் மணி நேரம் ஓடினால் கால் யூனிட். அந்தக் கால் யூனிட்டில் 9 வாட் பல்பை ஒரு நாளுக்கும் மேலாக, 27 மணி நேரம், எரியவிடலாம். ராட்டினத்தில் நீர் இறைத்த காலத்தில் ஒரு வாளிகூட அதிகமாக இறைக்கமாட்டார்கள். தோள்பட்டையே கணக்கு வைத்திருந்தது.

அந்த நாளில் செலவு கண்ணுக்குத் தெரிந்தது என்று சொல்லும்போது மீட்டரையும் சொல்ல வேண்டும். வாசல் பக்கச் சுவரில், கறுப்புப் பெட்டிக்குள், கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு படுக்கைவாட்டில் சுற்றும். அதன் விளிம்பில் ஒரு கோடு. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டால் அந்தக் கோடு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் கோடு வந்து வந்து போகும். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்த வேகம் புரிந்தது. கணக்கெடுக்க வருபவர் ரீடிங்கைப் பார்த்து வெள்ளை அட்டையில் பேனாவால் எழுதிவிட்டுப் போவார். அட்டை ஆணியில் தொங்கும். போன முறை எவ்வளவு, அதற்கு முந்தைய முறை எவ்வளவு என்று கீழிருந்து மேலாக ஒரே பார்வையில் தெரியும்.

இன்று தட்டு இல்லை. ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுக்குகிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மினுக்கும் என்பதை மீட்டரின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். துல்லியத்தில் இதற்குப் பழையது ஈடாகாது. தேய்ந்துபோன பழைய மீட்டர்கள் சிறிய சுமையைச் சரியாகப் பிடிக்காமல் விட்டுவிடுவதுண்டு. புதியது செட்-டாப் பாக்ஸின் 10 வாட்டையும் எழுதிக்கொள்கிறது. ஆனால் அடுக்குமாடியில் அது தரைத்தளத்தில், மற்ற வீட்டு மீட்டர்களோடு வரிசையில், பூட்டிய கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. தொகை கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. பணம் கட்டியாகிவிடுகிறது. எந்தப் பொருள் எவ்வளவு எடுத்தது என்ற கேள்வி வீட்டுக்குள் எழ இடமே இல்லாமல் போகிறது.

இடையில் ஒரே ஒரு காலம் எல்லோரும் வாட் கணக்குத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். 2012. சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம்கூட மின்சாரம் இல்லாத மாதங்கள் அவை. இன்வெர்ட்டர் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஃபேன், எத்தனை லைட் ஓடணும்?" ஒரு பேட்டரியில் இரண்டு ஃபேனும் இரண்டு டியூப்லைட்டும் எத்தனை மணி நேரம் தாங்கும், குண்டு பல்பைக் கழற்றிவிட்டு சி.எஃப்.எல். போட்டால் எவ்வளவு கூடும் என்று பால்காரர் முதல் பேராசிரியர் வரை விவாதித்தார்கள். மறுநாள் பரீட்சை இருக்கிற வீட்டில் மற்ற அறையின் விசிறியை நிறுத்தி அந்த மின்சாரத்தைப் பிள்ளைக்கு ஒதுக்கினார்கள். அந்தத் துன்பம் திரும்ப வர வேண்டியதில்லை. சிறுதொழில்களை அது படாத பாடு படுத்தியது. மின்வெட்டு குறைந்தது, கூடவே அந்தக் கணக்கும் மறந்துபோனது.

விசிறியின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டில் அதிக நேரம் ஓடும் கருவிகளில் ஒன்று அது, ஆண்டில் பத்து மாதம். பழைய சீலிங் ஃபேன் கனமானது. சுவரில் சுவிட்ச்போர்டுக்குப் பக்கத்தில் சதுரப் பெட்டியாக அதன் ரெகுலேட்டர் இருக்கும். கட்டுக்கட்டென்று திருப்பினால் 5-லிருந்து 1 வரை வரும். உள்ளே இருந்தது மின்தடைக் கம்பிச் சுருள். வேகத்தைக் குறைத்தால், விசிறிக்குப் போகாத மின்சாரத்தில் ஒரு பகுதி அந்தச் சுருளில் சூடாகப் போகும். பெட்டியின் மேல் கை வைத்தால் இளஞ்சூடு தெரியும். குறைந்த வேகத்தில் ஓட்டினால் மிச்சமாகும் என்று நம்பியவர்களுக்கு எதிர்பார்த்த அளவு மிச்சமாகவில்லை. பிறகு வந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், விரலளவு குமிழாக போர்டுக்குள்ளேயே அடங்கி, அந்த இழப்பைப் பெரும்பாலும் நிறுத்தியது. பழைய பெட்டியைக் கழற்றி எறிந்ததே ஒரு சேமிப்பு.

குளிர்சாதனப் பெட்டி, ஏ.சி. ஆகியவற்றுக்கு 2006-லேயே நட்சத்திர முத்திரைத் திட்டம் தொடங்கிவிட்டது. சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயமானது 2023-ல்தான். இவ்வளவு நேரம் ஓடுகிற கருவி வரிசையில் பின்னால் நின்றது. அதற்குள் எத்தனை கோடி 75 வாட் விசிறிகள் இந்த நாட்டின் கூரைகளில் ஏறியிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஒருமுறை மாட்டிய விசிறியை இருபது வருடத்துக்கு யாரும் இறக்குவதில்லையே.

இன்னொரு பக்கமும் உண்டு. பழைய ஃபேன் நின்றுபோனால் தெருமுனைக் காயில் கட்டும் கடைக்குப் போகும். அங்கே ஒருவர் கருகிய கம்பியைப் பிரித்து எடுத்து, சுற்று எண்ணிப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசிக் காயவைத்து மறுநாள் கொடுப்பார். அப்படி மூன்று முறை காயில் கட்டி நாற்பது ஆண்டு ஓடிய விசிறிகள் உண்டு. பி.எல்.டி.சி. விசிறிக்குள் காந்தமும் சிறு மின்னணுப் பலகையும் இருக்கின்றன. பலகை போனால் நிறுவனத்துக்கு எழுதிப் புதுப் பலகை வாங்க வேண்டும். வாரண்டி முடிந்திருந்தால் புது விசிறியே வாங்கிவிடுகிறார்கள். மின்சாரத்தில் மிச்சம், பழுதுபார்ப்பில் நட்டம். காயில் கடைக்காரர்களுக்கு அந்தப் பலகையைப் பழுதுபார்க்கும் பயிற்சியையும் உதிரிபாகத்தையும் கொடுத்தால் இரண்டையும் காப்பாற்றிக்கொள்ளலாம். அது முடியாத காரியமில்லை.

விளக்கிலும் விசிறியிலும் மிச்சப்படுத்தியது, மேலே பார்த்த கணக்கில் 145-லிருந்து 51 போக, 94 யூனிட். அதை விழுங்குவது ஏ.சி. இன்றைய இன்வெர்ட்டர் ஏ.சி., 1 டன் அளவில், கோடை இரவில் மணிக்குச் சராசரியாக 0.6, 0.7 யூனிட் எடுக்கும் என்று கொண்டால், இரவுக்கு 8 மணி நேரம், 60 இரவுகளில் 300 யூனிட்டுக்கு மேல். ஏ.சி.யும் சும்மா இருக்கவில்லை, அதுவும் இளைத்துத்தான் வந்திருக்கிறது. 2010-ல் 5 நட்சத்திரம் வாங்கப் போதுமாக இருந்த 3.1 என்ற திறன் எண், 2018-ல் அளக்கும் முறையும் அளவுகோலும் மாறியபோது 1 நட்சத்திரத்துக்கான எண்ணாகிவிட்டது. 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் ஏ.சி.க்கள் இயக்கியவுடன் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஒரு டிகிரி கூட்டிவைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு. 26-ல் வைத்து மேலே 30 வாட் விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் தூக்கம் கெடுவதில்லை. செலவு கணிசமாகக் குறைகிறது. போர்வையைப் போர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குளிரவைத்துப் படுப்பதை வசதி என்று எண்ணும் பழக்கம்தான் குறுக்கே நிற்கிறது.

ஆனால் ஏ.சி. ஏன் வீட்டுக்குள் வந்தது என்பதைப் பழக்கத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. பழைய வீடு தானே ஒரு கருவியாக வேலை செய்தது. தேக்கு உத்திரத்தின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை, வெயிலை உடனே கீழே இறக்காது. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலேறிப் போகும், வாசல் வழியே தெருக்காற்று உள்ளே வரும். சுவர் ஒன்றரை அடிக் கனம். கோடையில் மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நாலு வாளித் தண்ணீர் தெளித்து, எட்டு மணிக்குப் பாய் விரித்தால் விடியும் வரை மின்சாரமே வேண்டாம். இன்றைய நாலைந்து அங்குல கான்கிரீட் கூரை பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவு பன்னிரண்டு மணி வரை கீழே விட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கட்டடம் கையெட்டும் தூரத்தில். ஜன்னலைத் திறந்தால் கொசு, வண்டிச் சத்தம், எதிர்வீட்டுப் பார்வை. மாடிக்குப் பூட்டு. இத்தனையும் சேர்ந்து மூடிய ஓர் அறைக்குள், விசிறி அதே சூடான காற்றைச் சுற்றிச் சுற்றி வீசுகிறது. அந்த அறையில் கைக்குழந்தையோடும் வயதான பெற்றோரோடும் இருப்பவர் ஏ.சி. வாங்குவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த எண்ணுக்குள் கட்டடம் கட்டுபவர்களின் கணக்கும் இருக்கிறது. கூரைக்கு வெள்ளைப் பூச்சும் மேற்குச் சுவருக்கு ஒரு நிழலும் தராமல் வீட்டை விற்றவர்கள், அந்த வெயிலுக்கான பில்லைக் குடியிருப்பவர் பேரில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போதே, அந்த நாளைத் திரும்ப அழைக்கக் கூடாத இடத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டுக்கல். நாலு பேர் உள்ள வீட்டுக்கு இட்லி மாவு அரைக்க ஒன்றரை மணி நேரம் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து குழவியைச் சுழற்றினாள், மறுகையால் மாவைத் தள்ளிக்கொண்டே. கோயம்புத்தூரில் பிறந்த வெட் கிரைண்டர் அந்த உட்காருதலை முடித்துவைத்தது. மேசை மேல் வைக்கும் 150 வாட் கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓடினால் 0.11 யூனிட். அதாவது, ஏ.சி. பத்து நிமிடத்தில் செலவழிக்கும் மின்சாரத்தில் ஒரு பெண்ணின் ஒன்றரை மணி நேரமும் தோள்வலியும் மிச்சமாகிவிடுகிறது. 2011-ல் தமிழக அரசு ரேஷன் அட்டைக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது அதை வீண் செலவு என்று பேசியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. வீட்டு மின்சாரத்தில் குறைக்கக் கூடாத யூனிட் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். 'மின்சாரத்தைக் குறையுங்கள்' என்ற பொது அறிவுரை இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

கட்டண அட்டவணை பார்க்கிறதா என்றால், ஒரு வகையில் பார்க்கிறது. 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை. 2022 செப்டம்பர் திருத்தத்தின்படி அப்போது 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய் ஆனது. 501 ஓடினால் 1,958 ஆனது. நடுவிலிருந்த சலுகைப் படி ஒன்று கழன்றுவிடுவதால், அந்த ஒற்றை யூனிட்டின் விலை அப்போது 233 ரூபாயாக இருந்தது. அதனால்தான் ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கும்போது 480, 490-ல் நிற்கும் வீடுகளில் மட்டும் பழைய கவனம் திரும்ப வருகிறது. கீசரை நிறுத்துகிறார்கள், ஏ.சி.யை ஒரு வாரம் மறக்கிறார்கள்.

அந்த 2022 அட்டவணையையே இன்னொரு வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் நிலைமை வேறு. இரண்டு அறை வாடகை வீடு. தகரக் கூரையோ ஒற்றைக் கான்கிரீட்டோ. அதனால் இரண்டு 75 வாட் விசிறிகள் நாளுக்கு 16 மணி நேரம் சுற்றுகின்றன. இரண்டு மாதத்தில் அவை மட்டும் 144 யூனிட். விளக்கும் தொலைக்காட்சியும் 40 என்றால் மொத்தம் 184, பில் 189 ரூபாய். இரண்டையும் 30 வாட் விசிறியாக மாற்றினால் 86 யூனிட் குறைந்து, மொத்தம் 98-ல் நிற்கும், பில் பூஜ்யம். ஆனால் இரண்டு விசிறிக்கும் 5,500 ரூபாய் என்று வைத்தால், மிச்சமாகும் 189-ல் அந்தப் பணம் திரும்பிவர ஐந்து ஆண்டு ஆகிறது. 500-ஐத் தாண்டி ஓடும் வீட்டில் அதே 86 யூனிட்டுக்கு 8 ரூபாய் வீதம் 688 ரூபாய் மிச்சம். ஒன்றரை ஆண்டுக்குள் விசிறியின் விலை வந்துவிடும். எங்கே விசிறிதான் உயிரோ அங்கே அதை மாற்றுவது கட்டுப்படியாகவில்லை. எங்கே அதை மாற்ற முடிகிறதோ அங்கே ஏ.சி. இருக்கிறது.

அந்தச் சிறிய வீட்டில் குறையும் 86 யூனிட்டும் அரசு மானியம் கொடுத்துத் தாங்கும் யூனிட்கள். குடும்பத்துக்கு மிச்சமாகும் அதே அளவு தொகை அரசுக்கும் ஒவ்வொரு பில்லிலும் மிச்சமாகும். இரண்டையும் சேர்த்தால் விசிறியின் விலை இரண்டரை ஆண்டில் திரும்பிவிடுகிறது. 2011-ல் மேசை விசிறியை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. இந்த முறை 30 வாட் சீலிங் ஃபேனை, முதலில் தகரக் கூரை வீடுகளுக்கு, கொண்டுபோகலாம்.